இரவல் நாக்கு

மேலூர் பக்கம் எந்த ஊரில் கபடிப் போட்டி வைத்தாலும் கமிட்டிக்காரர்கள் முதலில் வர்ணனை சொல்லச் சோலைராஜ் எந்தத் தேதியில் வருவான் என்றுதான் கேட்பார்கள். எந்தெந்த அணி வருகிறது, கோப்பை யார் கொடுக்கிறார் என்பதெல்லாம் அப்புறம். ஆடுகளத்துக்கு மேலே ட்ரோன் கேமரா பறந்து, ஆட்டக்காரனின் நாடித்துடிப்பு வரைக்கும் திரையில் காட்டுகிற காலம் வந்துவிட்டது. வர்ணனையைக்கூடக் கணினியே சொல்லும். ஆனாலும் பாடிப்போகிற ஒரு ரெய்டர் கோட்டைத் தாண்டிக் கால் வைப்பதற்கும் பிடிபடுவதற்கும் நடுவில் அவன் ஊர், அவன் அப்பன் பேர், போன வருஷம் அவன் முட்டி பெயர்ந்த கதை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டி, கூட்டத்தைச் சிரிக்கவும் வைக்க அவனை விட்டால் ஆள் இல்லை.

அந்தச் சோலைராஜுக்கு ஒரே மகள், செவ்வந்தி. ஆறு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை.

காது நன்றாகக் கேட்கும். சொன்னதெல்லாம் புரியும். அப்பா பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். சொல்ல வந்ததுதான் வாயைத் தாண்டாது. தண்ணீர் கேட்க நினைத்து வாயைத் திறந்தால் ஒரு நாள் 'நன்னி' என்று வரும், மறுநாள் 'த்தீ' என்று வரும், அதற்கடுத்த நாள் உதடு மட்டும் அசைந்து ஒன்றுமே வராது. இருட்டில் சுவிட்சைத் தடவித் தேடுகிற கை மாதிரி நாக்கு உள்ளே கொஞ்ச நேரம் தேடும். பிறகு சலித்துப்போய்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள்.

"அப்பன்காரன் மொத்தத்தையும் பேசித் தீத்துட்டான், புள்ளைக்கு மிச்சம் வைக்கல" என்று தெருவில் கேலி செய்வார்கள். சோலைராஜும் சேர்ந்து சிரிப்பான். அவன் மனைவி தர்ஷினி மட்டும் சிரிக்க மாட்டாள்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, கூட்டத்தில் செவ்வந்தியின் கை நழுவிவிட்டது. இருவரும் பித்துப் பிடித்தவர்கள் போல ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது போலீஸ் பூத்தின் ஒலிபெருக்கி பேசியது: "மஞ்சக் கவுன் போட்ட, வாய் பேச முடியாத பெண் குழந்தை ஒண்ணு இங்க இருக்கு. பெத்தவங்க வரவும்."

ஓடிப்போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் நாற்காலியில் பிஸ்கட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "எத்தன தடவ பேரு கேட்டுட்டேன் சார். வாயத் தொறக்குது, வரமாட்டேங்குது. பாவம், ஊமப்புள்ள போல" என்றார் பெண் காவலர். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் செவ்வந்தியின் முகத்தில் போய் விழுந்ததை சோலைராஜ் பார்த்தான். அவள் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த வாரமே அண்ணா நகரில் எஸ்தர் நடத்துகிற பேச்சுப் பயிற்சி மையத்தின் படியேறினார்கள்.

எஸ்தருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. ஒவ்வொரு சொல்லையும் முட்டையை எடுத்து வைப்பது போல நிதானமாக எடுத்து வைத்தார்.

"பாப்பாவுக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் உள்ள இருக்கு தம்பி. அது வெளிய வர்ற வழிதான் வாய்க்குத் தெரியல. கோயிலுக்குப் போகணும்னு நமக்குத் தெரியும். ஆட்டோக்காரருக்கு ஊரு புதுசு. ஒவ்வொரு தடவையும் வேற வேற தெருவுல நுழைஞ்சு முட்டுச்சந்துல போய் நிக்கிறாரு. இதுக்குப் பேரு அப்ராக்ஸியா."

"மருந்து மாத்திர இல்லையா டீச்சர்?"

"பழக்கம்தான் மருந்து. ஒரே சொல்ல நூறு தடவ, ஆயிரம் தடவ. முன்னெல்லாம் வருஷக்கணக்கா இழுக்கும். இப்ப இது இருக்கு." மேசை இழுப்பறையிலிருந்து வெங்காயச் சருகு போன்ற இரண்டு பட்டைகளை எடுத்தார். ஒன்றைத் தன் தாடைக்குக் கீழே காதுவரை ஒட்டிக்கொண்டார். "நான் ஒரு சொல்லச் சொல்லும்போது என் மூளை நாக்குக்குப் போடுற உத்தரவ இது பிடிச்சுக்கும். பாப்பா ஒட்டியிருக்கிற பட்டைக்கு அனுப்பும். என் நாக்கு போற வழியில அவ நாக்கும் லேசா அசையும். பேசப் போறது அவதான். வழியத்தான் நான் காட்டுறேன். இங்க இதுக்கு இரவல்னு பேரு."

ஆறு வாரம், ஞாயிறு தவிர எல்லா நாளும் காலையில் வர வேண்டும், வீட்டிலும் பழக்க வேண்டும் என்றார். தர்ஷினிக்கு ஜவுளிக்கடையில் காலை ஷிப்ட். சோலைராஜுக்குப் போட்டியெல்லாம் சாயங்காலம்தான். அவன் வருவதென்று முடிவானது.

முதல் சில நாட்கள் மகா கொடுமை. செவ்வந்தி பட்டையைப் பிய்த்து எறிந்தாள். கண்ணாடி முன்னால் உட்கார வைத்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எஸ்தர் அதட்டவில்லை, கெஞ்சவுமில்லை. அவளுக்கு லிப்டில் போவது பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். மையம் இரண்டாவது மாடி. பொத்தானைச் செவ்வந்திதான் அமுக்கலாம், ஆனால் 'மே' என்று சொன்னால்தான் மேலே போகும், 'கீ' என்று சொன்னால்தான் கீழே. சோலைராஜும் எஸ்தரும் அவளோடு லிப்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மற்ற மாடிக்காரர்கள் முணுமுணுத்தபடி படியில் போனார்கள். சோலைராஜுக்குத் தலை சுற்றி வாந்தி வரும்போலிருந்த ஒரு நேரத்தில், கதவு மூடியதும் யாரும் கேட்காமலே "மே" என்றாள் அவள். சுத்தமாக. மறுபடியும் "மே". அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் 'கேட்டியா' என்ற கேள்வி இருந்தது. அவன் லிப்டின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

ஒற்றைச் சத்தம் வந்ததே தவிர, சத்தங்கள் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. தொண்டையிலிருந்து வருகிற 'க', உதட்டில் வெடிக்கிற 'ப', நாக்கு மடங்குகிற 'டி' எல்லாம் தனித்தனியாக வரும். கோத்தால் அறுந்துவிடும். எஸ்தர் 'கப்பல்' என்று பார்த்தார், 'கட்டபொம்மன்' என்றுகூடப் பார்த்தார். செவ்வந்தி சோர்ந்து மேசையில் கன்னத்தை வைத்துவிட்டாள். அவளைச் சிரிக்க வைக்கலாமே என்று சோலைராஜ் எழுந்து, வேட்டியை மடித்துக்கட்டி, அறைக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாகப் பாவனை செய்து, "கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டு அவள் நாற்காலியைத் தொட வந்தான்.

செவ்வந்தி தலை தூக்கினாள். உதடு அசைந்தது.

எஸ்தர் சட்டென்று நிமிர்ந்தார். "அதையே சொல்லுங்க தம்பி. மெதுவா." தானும் சேர்ந்து சொல்லத் தொடங்கினார். மூன்று பேரும் அந்த அறையில் ரெய்டு போனார்கள். பின்னாலிருந்து முன்னால், முன்னாலிருந்து நடுவில், என்று நாக்கும் உதடும் போக வேண்டிய தெருவெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. "க... க-ப... கப-டி" என்றாள் செவ்வந்தி. "கபடி. கபடிகபடி." மூச்சு முட்ட ஓடிவந்து அப்பாவின் தொடையில் அடித்து, எல்லைக்கோடு இருந்த இடத்துக்குத் திரும்பி ஓடினாள். பாயிண்ட் அவளுக்கு.

அன்று சோலைராஜ் பக்கத்துக் கடையிலிருந்து அந்த மையத்தில் இருந்த எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக்கொண்டு வந்தான். காத்திருப்பு அறையில் ராபியா உட்கார்ந்திருந்தாள், தன் மகன் ஆக்கிலோடு. ஆக்கிலுக்கும் இதே பிரச்சினை. "எங்க பையன் 'அம்மா'ன்னு சொன்ன அன்னிக்கு நான் ரோட்டுல நின்னு அழுதேன்ண்ணே. நீங்க ஜிகர்தண்டா வாங்குறீங்க" என்று சிரித்தாள்.

இந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட முழுசாக இருக்கவில்லை.

ஒரு காலையில் பயிற்சி முடிந்து, எஸ்தர் பட்டையைக் கழற்றிக்கொண்டே, "தம்பி, அந்தக் கவதைச் சாத்துங்க" என்றார். உடனே நிறுத்தி, கண்ணை மூடி, "க-த-வை" என்று திருத்தினார். அப்போது அவருடைய ஆள்காட்டி விரல் மடியில் மூன்று முறை தட்டியது.

மற்றவர்களாயிருந்தால் வாய் தவறியது என்று விட்டிருப்பார்கள். ஒரு ரெய்டரின் மூச்சு எந்த இடத்தில் திணறுகிறது என்று தூரத்திலிருந்தே பிடித்துவிடுகிற காது சோலைராஜுடையது. அதுவும் அந்த விரல். சொல் சிக்கினால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தட்டு என்று செவ்வந்திக்குச் சொல்லிக்கொடுத்ததே எஸ்தர்தானே. அன்றிலிருந்து அவர் பேசுவதை உற்றுக் கேட்டான். நிதானம் என்று நினைத்திருந்தது நிதானம் இல்லை. தேடல்.

"டீச்சர், ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"செவ்வந்திக்கு இருக்கிறது உங்களுக்கும் இருக்கா?"

எஸ்தர் பட்டையை இழுப்பறைக்குள் வைத்தார். "பொறக்கும்போது இல்ல" என்றார். "வந்தது."

செவ்வந்தி மீன்தொட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். எஸ்தர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் கொடுக்கிற வழி அவளுக்குப் போகுது. அவ தடுமாறுறது எனக்குத் திரும்பி வருது. வந்தாத்தான் எங்க திருத்தணும்னு எனக்குத் தெரியும். அது இல்லாம இந்த வேல நடக்காது. தூங்கி எழுந்தா சரியாயிரும்னு மெஷின் கொடுத்தவங்க சொன்னாங்க. ஒரு பிள்ள, ரெண்டு பிள்ளைன்னா சரியாத்தான் ஆகுது. நான் பத்து வருஷத்துக்கு மேல கொடுக்கிறேன். கொஞ்சங்கொஞ்சமா தங்கிப்போச்சு."

"நிறுத்தியிருக்கலாமே டீச்சர்!"

"எந்தப் பிள்ளையோட நிறுத்துறது, நீங்களே சொல்லுங்க. செவ்வந்திக்கு முந்தின பிள்ளையோடயா?"

சோலைராஜ் மீன்தொட்டிப் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தான்.

"வருத்தம் இல்லன்னு சொன்னாப் பொய்" என்றார் எஸ்தர். "சர்ச்சுல வேத பாடம் நாந்தான் வாசிப்பேன். இப்ப பின் பெஞ்சுல உக்காந்து கேக்குறேன். அவ்வளவுதான். போங்க, நாளைக்கு வாங்க."

வீட்டில் தர்ஷினியிடம் சொன்னான். அவள் கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தாள். "பாதியில விட்டா வந்ததும் போயிரும்னு சொன்னீங்களே மாமா?"

"ஆமா."

"எனக்கு எம்புள்ள பேசணும். அதுக்காக நான் என்ன வேணாலும் செய்வேன். ஆனா..." அவள் அடுப்பை அணைத்தாள். "அந்தம்மா வாயிலருந்து எடுத்து எம்புள்ள வாயில வைக்கிறதா? அது தெரிஞ்சப்புறம் எப்புடி நாளைக்கு அவங்க மூஞ்சியப் பாக்குறது?"

மறுநாள் அவர்கள் போகவில்லை. செவ்வந்தி வழக்கம்போலச் சீக்கிரமே எழுந்து, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "மே" என்றாள். அப்பா அசையவில்லை. "மே. மே!" என்று கதவைத் தட்டினாள். அவளுக்கு என்னவென்று சொல்லுவது என்று தெரியாமல் சோலைராஜ் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டான்.

வெயில் ஏறியபோது வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. எஸ்தர் இறங்கி நேரே உள்ளே வந்தார். கோபத்தில் பேச்சு இன்னும் சிக்கியது.

"யாரக் கே... கேட்டு நிறுத்துனீங்க?"

"டீச்சர், உங்களுக்குத்தான்..."

"என்னப் பாத்துப் பரிதாபப்பட்டு அவ பேச்ச நிறுத்துறதுக்கு நீங்க யாரு? என் வாயி. யாருக்குக் கொடுக்கணும்னு நான் முடிவு பண்றேன்."

செவ்வந்தி ஓடிப்போய் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டாள். தர்ஷினி நாற்காலி எடுத்துப்போட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். எஸ்தர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகு சோலைராஜ் அவர் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"டீச்சர், எங்கிட்டதான் பேச்சு வேண்டியமட்டும் கெடக்கே. என்னோடத எடுத்துக்கிட்டா என்ன?"

"முடியாது. ஒரு பிள்ளைக்கு ஒருத்தர்தான். ஆள் மாறுனா பிள்ள குழம்பிரும்னு விதி எழுதியிருக்காங்க."

"யாராச்சும் மாத்திப் பாத்தாங்களா?"

எஸ்தர் தயங்கினார். "இல்ல. இரவல் கொடுக்க ஆள் வேணுமே."

"எங்கள மாதிரிப் பெத்தவங்ககிட்டக் கேட்டிருக்கலாமே?"

"பிள்ள பேச மாட்டேங்குதேன்னு தவிச்சுப்போய் வர்றவங்ககிட்ட, உங்க நாக்கக் கொடுங்கன்னு எப்புடித் தம்பி கேக்குறது? அதுவும் உங்களுக்குப் பொழப்பே அதுதான்."

"டீச்சர், கபடியில ஒருத்தன் பாடி வர்றான். அவனத் தனியா ஒருத்தன் பிடிச்சா என்னாகும்? பிடிச்சவனுக்கு எலும்பு முறியும். அதனாலதான் கைகோத்து நிக்கிறோம். ஏழு பேரும் சேர்ந்து அமுக்குனா யாருக்கும் பெருசா அடிபடாது. நீங்க பத்து வருஷமாத் தனியாப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க."

எஸ்தர் டம்ளரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஒரு நாள் பாப்போம்" என்றார். "பாப்பா குழம்புனா அதோட விட்டுரணும்."

மறுநாள் சோலைராஜ் தாடையில் பட்டையை ஒட்டிக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தான். சொல், 'பம்பரம்'. அவன் சொன்னான். அவள் சொல்ல முயன்றாள். அடுத்த நொடி அவன் வாய்க்குள் ஏதோ நடந்தது.

நாக்கு தன்னுடையதாக இல்லை. எங்கே போக வேண்டும் என்று தெரிகிறது, அந்த இடம் இல்லை. மேலண்ணத்தில் முட்டுகிறது, பல்லில் முட்டுகிறது, உதடு எப்போது மூடும் என்று காத்திருக்கிறது, அதற்குள் மூச்சு தீர்ந்துபோகிறது. சொல் மட்டும் நடு நெஞ்சில் முழுசாக, பளிச்சென்று, யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கிடக்கிறது. அவ்வளவும் ஒரு விநாடிக்குள். அவன் தாடையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன தம்பி?" என்றார் எஸ்தர்.

"இதுக்குள்ளயா இருந்த?" என்று அவன் மகளைக் கேட்டான். "இம்புட்டு நாளும் இதுக்குள்ளயாடா இருந்த?"

செவ்வந்திக்கு அவன் என்ன கேட்கிறான் என்று புரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு, இவ்வளவு நாள் கழித்தாவது வந்து சேர்ந்தானே என்பது போல அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். தெருக்காரர்களோடு சேர்ந்து தான் சிரித்த சிரிப்பெல்லாம் அவனுக்கு அப்போது ஞாபகம் வந்தது.

அவள் குழம்பவில்லை. எஸ்தரே எதிர்பார்க்காதது நடந்தது. ஒருவருடைய வழியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த அறையில் வந்த சொல் வீட்டில் வராது. இரண்டு பேரின் வழி கிடைத்ததும், எங்கே கேட்டாலும் வரத் தொடங்கியது. "ஒரே தெருவுலயே கூட்டிப்போனா அந்தத் தெரு மட்டும்தான் தெரியும். பல வழியாப் போனாத்தான் ஊரு தெரியும். இத்தன வருஷம் எனக்கு இது தோணலையே" என்று எஸ்தர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

காத்திருப்பு அறையில் சோலைராஜ் விஷயத்தை உடைத்துச் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. என்ன கிடைக்கும், என்ன போகும், எது திரும்ப வரும், எது வராமலும் போகலாம் என்று சொன்னான். ராபியா யோசிக்கவேயில்லை. "என்னது, வாய் கொஞ்சம் கொழறும், அம்புட்டுத்தானே? எங்க வீட்டுக்காரர் சந்தோஷப்படுவாரு" என்றாள். ஒரு வழக்கறிஞர் மட்டும் தலைகுனிந்து, "நான் கோர்ட்டுல நிக்கணும். என்னால முடியாது, மன்னிச்சிருங்க" என்றார். தன் குழந்தையை இனி அழைத்துவர மாட்டார் போலிருந்தது. "அதுக்கென்ன சார், உங்க புள்ளைக்கும் நாங்க கொடுக்கிறோம். நீங்க விடாமக் கூட்டிட்டு வாங்க" என்றாள் ராபியா. அந்த மனிதர் அன்றிலிருந்து எல்லோருக்கும் முன்னால் வந்து அறையைப் பெருக்கி வைத்தார்.

இப்படி அவரவர் முறை வைத்துக்கொண்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லோரும். தர்ஷினி விடுமுறை நாட்களில் வந்தாள். எஸ்தர் எதிரே உட்கார்ந்து வழிநடத்தினார். ஆசை தாங்காமல் எப்போதாவது பட்டையைக் கையில் எடுத்தால் ராபியா பிடுங்கி வைத்துவிடுவாள்.

வாரங்கள் போகப்போக செவ்வந்தியின் வாயில் சொற்கள் வந்து குவிந்தன. 'பல்லி', 'சட்டினி', 'எனக்கு', 'வேணாம்', 'இப்ப இல்ல'. ஒரு நாள் சாப்பிடும்போது, "அம்மா, இதுல உப்பு இல்ல" என்றாள். தர்ஷினி எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்து வந்து, அதை மேசைமேல் வைக்கவும் தோன்றாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அதற்கு முன்னால் தன் சமையலில் குறை சொன்ன யாரையும் அவள் சும்மா விட்டதில்லை.

இரவல் கொடுத்ததற்கான கணக்கு சோலைராஜின் பக்கமும் வந்தது. தன் முறையோடு நிறுத்தாமல், வராதவர்களின் முறையையும் அவன் எடுத்துக்கொண்டிருந்தான். கொட்டாம்பட்டியில் அரையிறுதி. ரெய்டர் தொடையைத் தட்டிக்கொண்டு இறங்கினான். "தொட்டையத் தடிக்கிட்டு வர்றான் பாரு தம்பி" என்றது ஒலிபெருக்கி. கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்துச் சமாளித்தான். அடுத்த சொல்லும் சிக்கியது. ரெய்டு முடிந்த பிறகுதான் வாக்கியம் முடிந்தது. மைக்கை அணைத்து மேசையில் வைத்தான். ஓடுகிற வண்டியிலிருந்து யாரோ இறக்கிவிட்டது போல இருந்தது.

எஸ்தர் அவனை இரவல் கொடுப்பதிலிருந்து சில மாதங்களுக்கு விலக்கினார். பெரும்பாலும் திரும்பிவிடும், முன்பிருந்த வேகம் முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்றார். அவன் வர்ணனையை மெதுவாகச் சொல்லப் பழகினான். நிறுத்தி, மூச்சு விட்டு, ஒவ்வொரு சொல்லாக. இனிக் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைத்தான். ஆனால் ஒரு கமிட்டித் தலைவர் அவன் தோளில் கைபோட்டு, "இருவது வருசமா உன்னக் கூப்பிடுறேன்யா. இப்பத்தான் நீ என்ன சொல்றேன்னே வெளங்குது" என்றார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எஸ்தரையும் ராபியா வீட்டாரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். எஸ்தர் சர்ச்சிலிருந்து நேரே வந்தார். சோலைராஜ் காலையிலிருந்து ஒரு நன்றியுரை தயாரித்து வைத்திருந்தான். தொடங்கியதுமே எஸ்தர் கையை உயர்த்தி, "கறி ஆ... ஆறிரும் தம்பி" என்று முடித்துவைத்துவிட்டார்.

செவ்வந்தி ஒரு இடத்தில் உட்காராமல் பேசிக்கொண்டே திரிந்தாள். அவள் பேச்சில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெரியவர்கள் விளையாட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 'இல்ல' என்பதை இழுப்பது ராபியா. கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு அடுத்ததற்கு ஓடுவது அப்பன். 'ச' மட்டும் யாருடையதும் இல்லை, அவளே செய்துகொண்டது என்றாள் தர்ஷினி.

எஸ்தரின் போன் அடித்தது. ஜெபசிங் என்று பேர் வந்தது. எஸ்தருக்கு ஒரே மகன், மஸ்கட்டில் வேலை. அவன் அழைத்தால் எஸ்தர் எடுப்பதில்லை. அடித்து ஓயவிட்டு, பிறகு எழுத்தில் பதில் அனுப்புவார். தான் திணறுவதை அவன் கேட்டு வருந்த வேண்டாம் என்று அப்படி ஒரு பழக்கம். அன்றும் எச்சில் கையோடு போனைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார்.

செவ்வந்தி எடுத்துவிட்டாள். "ஹலோ, யாரு? டீச்சர் சாப்புடுறாங்க. அப்புறமாப் பேசுவாங்க சரியா?"

பதில் இல்லை. செவ்வந்தி போனைத் தட்டினாள். ஸ்பீக்கர் உயிர்பெற்றது.

"அம்மா?" என்றது அந்தப் பக்கக் குரல். "இல்ல... பாப்பா, யாரும்மா நீ? இப்ப என்ன சொன்ன, இன்னொரு தடவ சொல்லேன்."

"டீச்சர் சாப்புடுறாங்கன்னு சொன்னேன். சரியா?"

"அந்த 'சரியா'தான்" என்றான் ஜெபசிங். "எங்கம்மா அப்புடித்தான் கேப்பாங்க. என்னை ஸ்கூல் கேட்டுல விடும்போது தினமும் கேப்பாங்க. அது எப்புடி பாப்பா உனக்கு... நான் அதக் கேட்டு எவ்ளோ வருஷமாச்சு."

தர்ஷினி சோலைராஜைப் பார்த்தாள். அந்த 'ச' யாருடையது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

எஸ்தர் இலையின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் நிறைந்திருந்தது, முகத்தில் சிரிப்பு. எங்கோ தொலைந்தது என்று விட்டுவிட்ட ஒன்று பக்கத்து வீட்டிலேயே பத்திரமாக இருப்பதைப் பார்த்துவிட்ட முகம் அது. பிறகு, மகன் கேட்பான் என்று தெரிந்தே, வாயைத் திறந்தார்.

"ஜெ... ஜெபா. அம்மா இங்கதான் இருக்கேன்."

"அம்மா, நீங்க மெதுவாவே பேசுங்க. எனக்கு அவசரம் இல்ல. எடுக்காம மட்டும் இருக்காதீங்கம்மா."

எஸ்தர் தலையாட்டினார். அது போனில் தெரியாது என்று அவருக்குத் தோன்றவில்லை. சோலைராஜ்தான் குனிந்து, "சரின்னு தலையாட்டுறாங்க தம்பி" என்றான்.

"பாப்பா, இருக்கியா? வேற எதாச்சும் பேசேன். எது வேணாலும் பேசு."

செவ்வந்தியிடம் இதை யாரும் இரண்டாவது தடவை கேட்க வேண்டியதில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, எஸ்தரை ஒட்டி உட்கார்ந்து, எதிர்வீட்டு வாஷிங் மெஷினுக்குள் பூனை குட்டி போட்டதைச் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் ஒரு சொல் சிக்கியது. விரலால் எஸ்தரின் முழங்காலில் தட்டித் தட்டி அதை வெளியே எடுத்தாள்.

"அதுல ஒண்ணு கறுப்பு, மாமா" என்றாள். "இல்ல இல்ல, இருங்க. மொதல்லருந்து சொல்றேன்."